தீர்மானம் எண் ஏழு

புதுவயல் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல்
ஒவ்வொரு காலையும் எனக்கு முன்பே வந்து
அலுவலக மேசைமேல் உட்கார்ந்திருக்கும்.
துடைத்துவிட்டுத்தான் கணினியைத் திறப்பேன்.
இருபத்திரண்டு வருடம்.

காலாண்டு அறிக்கையில் ஒரு கட்டம்:
'மாற்றம் கண்ட வாழ்வுகள், எண்ணிக்கையில்.'
நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
ஐந்நூறாக்க முடியாதா என்று
சென்னையிலிருந்து கேட்டார்கள்.

கட்டத்துக்குள் அடங்காதவை:
கட்டிக்கொடுத்த முப்பது கழிப்பறைகளில்
பதினொன்றில் விறகு அடுக்கியிருப்பது,
ஒன்றில் ஆடு குட்டி போட்டது.
கடன் வாங்கிய அஞ்சுகம்
ராத்திரியோடு திருப்பூர் பஸ் ஏறியது,
அவள் தவணையை மூன்று மாதம்
என் சம்பளத்தில் நான் கட்டியது,
நான்காம் மாதம் கட்டாமல் விட்டது.

காரைக்குடிக் கல்யாணங்களில் சொந்தக்காரர்கள் விசாரிப்பார்கள்:
"இன்னும் அந்தச் சேவைதானா? சம்பளம் உண்டா?"
உண்டு என்றால் முகம் சுருங்கும்.
இல்லை என்றால் இரக்கம்.
நான் பாயசத்தில் முந்திரி தேடுவேன்.

நேற்று ஊருணிக் கரையில் சங்கக் கூட்டம்.
ஐந்து மணி என்று சொன்னதே நான்தான்.
கண்டனூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு
போய்ச் சேர்கையில் ஐந்தே முக்கால்.
வாய்க்குள் ஒரு மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன்.

பாதிக் கூட்டம் முடிந்திருந்தது.
சூசையம்மாள் தலைமை.
நாக்கு நுனியைக் கடித்தபடி
சிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.
ஊருணிக்கு வரும் வரத்துக்காலை மறித்து
மதில் எழுப்பியவர் சிங்கப்பூரில் இருக்கிறார்.
அவருக்கு நோட்டீஸ் அனுப்புவதா,
நேரே போய் மண்ணை வெட்டிவிடுவதா?
என்னென்ன வார்த்தைகள்!
என் பயிற்சிக் கையேட்டில் இருக்கும்
'கருத்து வேறுபாடுகளைக் கையாளுதல்'
காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும்.

வாயைத் திறந்தேன்.
"செத்த இருங்க மேடம், இத முடிச்சிக்கிறோம்"
என்றாள் பஞ்சவர்ணம்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இருந்தேன்.
வலித்தது. பொய் சொல்வானேன்.
இதற்காகத்தானே இத்தனை வருடம் என்று
மேடைகளில் நானே பேசியிருக்கிறேன்,
அப்போது வலிக்கவில்லை.

தீர்மானம் எண் ஏழு:
வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி,
எல்லாரும் மம்பட்டியோடு.
நோட்டீசும் போகும்,
தபால் செலவு சங்கக் கணக்கில்.

கையெழுத்துக்கு நோட்டு சுற்றி வந்தது.
பதினேழு பெயர்.
அடிக்கோடு போட்டு முடித்த பிறகு,
அதற்கும் கீழே, சிட்டுவின் சாய்ந்த எழுத்தில்:
'மற்றும் ஒருவர்.'

அதற்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.
பேனா எழுதவில்லை. சிட்டு தன்னுடையதைக் கொடுத்தாள்.

வெள்ளிக்குள் ஒரு மம்பட்டி வாங்க வேண்டும்.
எந்தத் தலைப்பில் செலவெழுதுவது
என்றுதான் தெரியவில்லை.