ஐந்து மணிக்காரர்கள்

வியாழக்கிழமை, இரவு ஏழு.
கோயிலுக்குப் பின்னால் மறைக்கல்வி ஹால்.
பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி, பதினொரு பேர்.
கரும்பலகையில், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள்
அழித்தும் அழிக்காமலும் விட்ட
ஏழு திருவருட்சாதனங்களில்
ஐந்து மிச்சமிருந்தன.

சிஸ்டர் ரோஸ்லின் பாடம் நடத்துவதில்லை.
"வாசிங்க, அப்புறம் பேசுங்க" என்பதோடு சரி.
இன்று வாசித்தவர் மின்வாரியத்து இஞ்ஞாசி.
விடியலில் வந்தவனுக்கு ஒரு காசு,
வெயில் சாய்ந்து ஐந்து மணிக்கு வந்தவனுக்கும்
அதே ஒரு காசு என்று எண்ணிக் கொடுத்த
தோட்டத்து முதலாளியின் கதை.

கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.
பெங்களூர் ரோட்டில் லாரிகள் மட்டும்
பேசிக்கொண்டு போயின.

பிறகு அமலோற்பவம்.
மாங்கூழ் கம்பெனியில் பத்து சீசனாகத் தோல் சீவுகிறவள்.
மாம்பால் பட்டு வெந்த விரலிடுக்கைத்
தேய்த்தபடியே சொன்னாள்:
"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்.
இதை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு வயிறெரியுது.
இருட்டோட வண்டி ஏறினவ நான்.
அஞ்சு மணிக்கு வந்தவளும் நானும் ஒண்ணா?"

"அது மோட்சத்தைப் பத்தினது, கூலியைப் பத்தி இல்லை"
என்றார் பிலோமி டீச்சர்.
"அப்ப கூலியைப் பத்திச் சொல்ல
ஆண்டவர்கிட்ட ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

யாரோ சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை,
நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

"முதலாளி காசு, முதலாளி இஷ்டம்"
என்று முடித்துவைக்கப் பார்த்தார் இஞ்ஞாசி.
"அதையேதான் எங்க மேஸ்திரியும் சொல்றாரு"
என்றாள் அமலோற்பவம்,
என் பக்கம் திரும்பாமல்.

அந்த மேஸ்திரி நான்தான்.
இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து
அடைக்கலராஜ் தொண்டையைச் செருமினான்.
கிரானைட் பட்டறையில் இரண்டு விரலை விட்டவன்.
மூன்று மாதமாக வருகிறான்,
பிஸ்கட் தட்டு வந்தால் 'வேண்டாம்' என்பதைத் தவிர
ஒரு வார்த்தை பேசியதில்லை.
"எனக்கு வேற ஒரு சந்தேகம்.
அந்த அஞ்சு மணி ஆளுங்களை
ஏன் சும்மா நிக்கிறீங்கன்னு கேக்குறாரு.
யாரும் கூப்பிடலைங்கறாங்க.
காலையில அந்தப் பக்கம் வந்துட்டு
அவங்களைக் கூப்பிடாம போனவன் யாருன்னு
கதையில இல்லையே?"

அந்த ஆளை எனக்குத் தெரியும்.
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
தினமும் ஐந்தரைக்கு வண்டியை நிறுத்துகிறான்.
நீ. நீ. சிவப்புத் துண்டு, நீ ஏறு.
நீ வேண்டாம்.
அவன் கண்ணுக்குத் தராசு பழகிவிட்டது.
இடது காலை இழுக்கும் குழந்தைசாமி,
ஆறு மாத வயிற்றை முந்தானைக்குள் வைத்திருக்கும்
பர்கூர்க்காரப் பெண்,
பார்த்ததும் எடை போட்டுவிடுவான்.
சாயங்காலம் காலி வண்டியோடு திரும்பும்போது
அவர்கள் அங்கேயே நிற்பார்கள்.
பேச்சுத்துணைக்கு நிற்கிறார்கள் என்று
நினைத்துக்கொள்வான்.
அப்படி நினைத்தால்
கியர் மாற்றுவது சுலபம்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே?"
சிஸ்டர் கேட்டார்.
"எனக்கு ஒண்ணும் தோணலை சிஸ்டர்."
பொய். எனக்குக் கணக்கு தோன்றிக்கொண்டிருந்தது.
வண்டியில் இருபத்திரண்டு இடம்.
குழந்தைசாமியை ஏற்றினால் நாளைக்கு எட்டுக் கூடை குறையும்.
கம்பெனி என்னிடம் கூடையைத்தான் எண்ணும்.
எட்டுக் கூடைக்கு எவ்வளவு,
சீசன் முடிய எத்தனை நாள்,
பெருக்கிப் பார்த்து, பாதியில் தப்பாகி,
மறுபடி முதலிலிருந்து.

முடிவு ஒன்றும் எட்டவில்லை. எட்டரை ஆகிவிட்டது.
அடுத்த வாரமும் இதே பகுதிதான் என்றார் சிஸ்டர்.
செபத்துக்கு எழுந்தோம்.
அன்றாட உணவைக் கேட்கும் இடத்தில்
என் நாக்கு எங்கோ நின்றுவிட்டது.
மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.
எல்லோரும் முடித்து நாற்காலி அடுக்கத் தொடங்கிய பிறகு
என் 'ஆமென்' மட்டும் தனியாக வந்து சேர்ந்தது.

அதற்குள் இஞ்ஞாசி
பாதி விளக்கை அணைத்திருந்தார்.