நான்காம் சுற்று, வாளையார்

கல்யாண மண்டபம். சாம்பார் வாசனை போகாத மேசைகள்.
பதினேழாம் பலகை. எனக்குக் கறுப்பு.
எதிரில் பிரஸீதா,
கஞ்சிக்கோட்டில் ஏதோ இரும்பாலையில் கணக்கு எழுதுபவள்.
கை கொடுத்தாள். கடிகாரத்தை அமுக்கினேன்.

ராஜா முன் சிப்பாய், இரண்டு கட்டம். எனக்கும் அதே.
அவள் குதிரை வெளியே வந்து என் சிப்பாயை முறைத்தது.
காப்பாற்றவில்லை நான்.
பக்கத்துச் சிப்பாயையும் தூக்கி எதிரில் வைத்தேன்,
இந்தா, இதையும் தின்னு என்று.
எலிஃபண்ட் காம்பிட்.
யோக்கியமான தொடக்கமில்லை, தெரியும்.
சிமெண்ட் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவனுக்கு
இருபது நகர்த்தல் மனப்பாடம் பண்ண ஏது பொழுது?
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
எட்டு நிமிடம்.

ஜன்னலுக்கு அப்பால் ஒரு ரயில் ஊர்ந்தது.
காட்டுக்குள் எல்லா ரயிலும் ஊரத்தான் வேண்டும்,
தண்டவாளத்தில் யார் நிற்பார்கள் என்று
டிரைவருக்கே தெரியாது.

தின்றாள். இன்னொன்றும் தின்றாள்.
நாற்பத்தொன்றில் ராஜாவைச் சாய்த்தேன்.

டீக்கடையில் பலகையை விரித்து, பாதித் தமிழில்:
"இருபத்திமூணுல ஆனய வெட்டிருந்தா
நீங்க ஜயிச்சேனே."
சொல்லிவிட்டுப் பாலக்காட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கோவை பஸ்ஸில், மடிமேல் காந்தச் செட்.
மூலையில் நின்ற யானையை வெட்டினேன்.
செத்தேன்.
ராணியால் வெட்டினேன், குதிரையால் வெட்டினேன்,
சாவடி வருவதற்குள் ஐந்து முறை செத்தேன்.
கெட்டிக்காரி, சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறாள்.

எட்டிமடையில்தான் உறைத்தது:
டீக்கடையில் அந்த மூலைக் காயைத் தொட்டு
"தேர்" என்றாளே.

அவர்கள் யானை குறுக்கே போகும்.
நாம் மந்திரி என்கிறோமே, அது.
அவர்கள் மந்திரி, நம் ராணி.
மூன்று மணி நேரம் ஒரே பலகையில் இருந்தோம்,
ஒரே குதிரையைத் தவிர
பொதுவாக அதிகம் இல்லை.

மந்திரியை வெட்டினேன்.
அவள் ராஜா அம்மணமாய் நின்றான்.
நாலு நகர்த்தல். திரும்பத் திரும்பப் பார்த்தேன், நாலே.

"மதுக்கரை கேட்டீங்களே, தாண்டியாச்சுங்க"
என்றார் கண்டக்டர்.
குனியமுத்தூரில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றேன்.
கேரளா லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக.
நீ சொன்னது சரிதான் என்று சொல்ல
அவள் நம்பர் இல்லை.
பத்து மணிக்கு ஷிப்ட்.