நான்காம் குப்பி

சுட்டெழுத்து மூன்று என்று
தாராவி மாநகராட்சிப் பள்ளியில் படித்தேன்.
அ தொலைவில். இ பக்கத்தில்.
உ, இரண்டுக்கும் நடுவே.
அதை இப்போது யாரும் சொல்வதில்லை என்றார் டீச்சர்.
பரீட்சைக்கும் வராது.

மாஹிம் கழிமுகம் எனக்கு அந்த உ.
ஆறு என்றால் ஆறு இல்லை, கடலும் இல்லை.
வற்றம் தொடங்கி ஒரு மணி நேரத்தில்
ஹிராஜி நாக்வாவின் படகில் குந்தி
குப்பியைத் தலைகீழாக அமிழ்த்தி
ஒரு முழ ஆழத்தில் திருப்புவேன்.
உள்ளிருந்த காற்று விக்கிக்கொண்டு வெளியேறும்.
நான்கு குப்பி, ஒரு ஐஸ் பெட்டி,
ஆறு மணி நேரத்துக்குள் பரேல்.
இவற்றையும் தூக்கிக்கொண்டு
லேடீஸ் பெட்டியில் நிற்க இடம் பிடிக்க வேண்டும்.

வாராவாரம் அவருக்கு ஒரே கேள்வி:
திசர்யா எடுக்கலாமா?
அவர் மனைவி முழங்கால் சேற்றில்
குனிந்தபடியே பொறுக்கும் மட்டி அது.
ரிப்போர்ட் வரட்டும் என்பேன்.
வரும். வாரியத்துக்குப் போகும்.
அங்கே கோப்புகளுக்கு
ஏற்றம் கிடையாது, வற்றம்தான்.

நாற்பத்து நாலரை டிகிரி.
கடலில் பிறந்தவை அந்தச் சூட்டில் அடங்கிவிடும்.
நம் குடலில் குடியிருந்தவை
பழைய வீட்டுக்கே வந்துவிட்டதாக நினைத்துப் பெருகும்.
மறுநாள், கட்டம் போட்ட வட்டத் தாளில்
நீலப் புள்ளிகள்.
முதல் குப்பியில் நாற்பத்தொன்று.
இரண்டாவதில் எண்ணும்போது போன் வந்து
மறுபடி ஒன்றிலிருந்து.
நான்காவதை நூறு மடங்கு நீர்த்தும்
புள்ளியே இல்லை, முழுக்க நீலம்.
‘எண்ண இயலாதவை’ என்று
ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று வைத்திருக்கிறோம்.
அதன் கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

பெரும்பாலும் இவை நோய் தருபவை அல்ல,
எந்த வழியாக வந்தோம் என்று சொல்பவை.
ஷெர்நாஸ் மேடம் சொல்லும் இங்கிலீஷ் சொல்லுக்கு
ஓரத்தில் ‘காட்டி’ என்று எழுதிப் பார்த்தேன்.
நாள்காட்டி. திசைகாட்டி.
காட்டிக்கொடுத்தவனுக்கும்
அதே சொல்தான் முன்னால் வருகிறது.

யாரை?

விடியற்காலை ஐந்தேகால், தொண்ணூறடி சாலை.
கக்கூஸ் வரிசையில் எனக்கு முன்னே பத்தொன்பது பேர்.
ஜெபமணி அக்கா மூன்று ரூபாயை
உள்ளங்கையில் மூடியபடி நின்றே தூங்குகிறாள்.
பின்சுவரைத் தாண்டிப் போகும் குழாய்
மித்தியில் வாயைத் திறந்து வைத்திருக்கிறது.
பாந்த்ராவின் பதினேழாவது மாடியிலிருந்தும் வருகிறது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
நீலத்துக்கு முகவரி கிடையாது.
ஆனாலும் நேற்று நான் எண்ணிக் கைவிட்டதில்
என்னுடையதும் இருந்திருக்கும்.

வியாழக்கிழமை ஹிராஜி நேரே வந்துவிட்டார்.
செருப்பை வாசலில் விட்டு, தொப்பியைக் கழற்றாமல்.
ரிப்போர்ட்டைக் காட்ட எனக்கு அனுமதி இல்லை.
இருட்டறைக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருப்பது வேறு கூட்டம்.
கடலில் பிறந்து, தானாகவே ஒளிர்பவை.
குடுவையை ஒரு தரம் குலுக்கினேன்.
பச்சையுமற்ற நீலமுமற்ற வெளிச்சத்தில்
அவர் மீசை நுனி தெரிந்தது, சிரித்தார்.
நான்காம் குப்பி நீரைச் சேர்த்தேன்.
பதினைந்து நிமிடம் காத்திருப்பது விதி.
ஐந்தாவது நிமிடத்தில் மீசை இல்லை.

‘மேலே?’ என்றார்.
நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன்,
அசையாத மின்விசிறியை, ஒட்டடையை.
பிறகுதான் உறைத்தது, அவர் மராத்தியில் கேட்டார்:
செத்துப் போச்சா?

ஒளிக்குறைவு அறுபத்தெட்டு சதவீதம் என்றது கருவி.
அதை நான் எந்த மொழியிலும் சொல்லவில்லை.
வெளியே போய் வீட்டுக்கு போன் செய்தார்.
நாலைந்து சொல். அந்தப் பக்கம் சத்தம்.
செருப்பை மாட்டிக்கொண்டே
செவ்வாய்க்கிழமை வற்றம் எட்டு இருபதுக்கு என்றார்,
லேட்டாக வராதே.

ரிஜிஸ்டரில் எல்லாக் கட்டமும் நிரப்பினேன்.
குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில்
உ என்று எழுதினேன்.
மேடம் கேட்டால்
பிள்ளையார் சுழி என்பேன்.