கொம்பும் காலும்

ஆமர் வீதி அச்சகத்திலிருந்து
ஐந்நூறு போஸ்டரும் வந்திறங்கின, செவ்வாய் பின்னேரம்,
முச்சக்கரவண்டியின் பின்சீட்டில், மழைக்குப் பொலித்தீன் போர்த்தி.
கட்டைப் பிரித்த மஃறூபா
முதல் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள்:
கொட்டாஞ்சேனை சமூகக் கொலை நிலையம்,
யூலை மாத நிகழ்ச்சிகள்,
அனைவரும் வருக.

சிங்களம் சரி. இங்கிலீஷ் சரி.
எப்போதும்போல் அடியில்,
எப்போதும்போல் ஒடுங்கி நிற்கும் எங்கள் வரியில்தான்
ஆள் விழுந்திருக்கிறது.

சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது.
சனி காலை பத்து மணிக்குக் கொலை, சிறுவர்க்கு,
ஐந்து வயதிலிருந்து, வர்ணங்கள் இலவசம்.
புதன் ஐந்தரைக்குக் குரற்பயிற்சி,
வாய்விட்டுக் கத்த விரும்புவோர்க்கு
(பக்கத்து வீட்டு டெல்றீன் மிஸ்
ஏற்கெனவே ஒருமுறை பொலிசுக்கு எடுத்தவர்).
போயா இரவு மொட்டைமாடியில் படம்,
காற்று அடங்கினால். திரை, ஒரு கட்டில் விரிப்பு.
துவான் ரிஸ்மியின் கிற்றார் வகுப்புக்கு
கிற்றார் இல்லாதவர்களும் வரலாம்.

சபாரஞ்சன் மட்டும் சிரிக்கவில்லை.
கணக்குக் கொப்பியை மூடினார்.
யூலை மாதத்திலா, என்றார்.
அவ்வளவுதான்.
அந்த மின்விசிறி சுற்றுக்கு ஒருதரம் கிறீச்சிடும் என்பது
அதுவரை எனக்குத் தெரியாது.

எழுத்துக் கோத்தவள் நிலுபுலி.
தமிழை அவள் வாசிப்பதில்லை, பார்ப்பாள்,
இடியப்பத் தட்டைப் பார்ப்பதுபோல்.
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டு
எது பிழை என்று கேட்டாள்,
சிங்களத்தில். பிறகு, தட்டுத்தடுமாறி, தமிழில்.

விரல் வைத்துக் காட்டினேன்.
இடப்பக்கம் நிற்கிறதே, இது கொம்பு.
வலப்பக்கம் நிற்பது கால்.
நடுவில் இருப்பது ஒரு குற்றமும் செய்யவில்லை.
இரண்டையும் எடுத்துவிட்டால்
மிஞ்சுவதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

அப்போ இது மாடா, என்றாள்.

திரும்ப அடிக்கக் காசில்லை.
சிறுவர் வகுப்பின் அலுமாரியைத் திறந்து
மஞ்சள் போத்தல்கள் ஆறையும் இறக்கினோம்.
மஞ்சள் தாளுக்கு அந்த மஞ்சள் பொருந்தவில்லை,
கொஞ்சம் வெள்ளை விட்டும் பொருந்தவில்லை.

புதன்கிழமை கத்த வந்த பதினொரு பேரும்
கத்தாமல் தரையில் குந்தினார்கள்.
ஒருவர் கொம்பு, அடுத்தவர் கால்,
அதற்கடுத்தவர் ஊதிக் காயவைப்பது.
துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாக ஊத
யாரோ, நாங்களும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறோம், என்றார்கள்.
லையின் கொம்பையும் மூடப்போன நிலுபுலியின் கையை
மஃறூபா எட்டிப் பிடித்தாள்:
அது இருக்கட்டும், அது குத்தாது.

சபாரஞ்சன் கால்களை மட்டும் எடுத்துக்கொண்டார்.
அடிமட்டம் வைத்து, விளிம்பு பிசகாமல்,
இருநூற்றுக்கு மேல்.
தேநீர் ஆறி ஆடை கட்டியது.
முடித்த தாள் ஒன்றைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார்.
மூடிய இரண்டும் உள்ளே அப்படியே தெரிந்தன.
பிறகு அதையும் மற்றவற்றோடு அடுக்கினார்.

நூற்றைம்பத்தைந்து நிற்கும் தரிப்பிடம்,
ஜிந்துப்பிட்டிச் சந்தி, வடைக்கடைக் கண்ணாடி,
லூசியாக் கோவில் மதிலுக்கு எதிர்ச்சுவர் என்று
இரவோடிரவாக ஒட்டினோம்.
எண்ணிப் பார்த்தபோது மூன்று குறைந்தது.
செவ்வாய்க்கிழமையே ஜெறோசன்
வாசிக்காமல் எடுத்துப்போய்
மட்டக்குளியில் ஒட்டிவிட்டானாம். பசை நல்ல பசையாம்.

வெள்ளி காலை தொலைபேசி அடித்தது.
ஒரு பெண், பின்னால் குக்கர் விசில்.
“பஸ் ஸ்டாண்டில நோட்டீஸ் பார்த்தன்.
கொலை எண்டு போட்டுக் கிடக்கு.
பிள்ளைக்கு ஆறு வயசு. அனுப்பலாமோ?”

அனுப்புங்கோ, என்றேன். நாளைக்குப் பத்து மணிக்கு.
தூரிகை நாங்கள் தருவம்.
பழைய சட்டையாப் பாத்துப் போட்டு விடுங்கோ.
மஞ்சள் மட்டும் இல்லை.