4117 கை விடவில்லை

பண்டாரவளையில் கணினிக்கு விசிறி மிகை.
ஜன்னலை இரண்டு விரலளவு திறந்துவைத்தால்
பூணாகலைப் பக்கத்துக் குளிர் வந்து
அதன் சூட்டை எடுத்துப்போகும்.
ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி அறை,
வாடகை பதினெட்டாயிரம், கரண்ட் பில் புறம்பு.
அந்தப் புறம்புதான் என் ஆராய்ச்சி.

பெட்டிக்குள் எட்டாயிரம் துகள்கள்.
ஆளுக்கு மூன்று கை கொடுத்திருக்கிறேன்.
பிடிக்கலாம், விடலாம்,
விட்டதை மறுபடியும் பிடிக்கலாம்.
பெட்டிக்குச் சுவர் கிடையாது:
வலப்பக்கத்தால் வெளியேறுகிறவர்
அதே கணம் இடப்பக்கத்தால் நுழைவார்.
(தம்பி டோஹாவுக்குப் போன அன்று
இந்த விதியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.)

வெப்பத்தை மெல்ல இறக்கினேன்.
இருபது லட்சமாவது படியில் முடிச்சு முடிச்சாய்.
நாற்பது லட்சத்தில்
ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை
கோத்த கைகளின் மேலேயே நடந்துபோகலாம்.
பிறகு அசைவே இல்லை.
அப்படியொரு அழகு!
மூன்று வாரம் அந்தப் படம் என் திரையின் முகப்பில்.
திலினிக்கும் அனுப்பினேன்.
பேராதனையிலிருந்து ஓர் இதயம் வந்தது,
கூடவே ஒரு கேள்விக்குறி.

கேள்விக்குறி தூங்கவிடவில்லை.
ஒரே ஒரு துகளைப் பின்தொடர்ந்தேன், 4117.
அது பிடித்திருப்பது 52, 6030, 799.
ஐம்பது லட்சத்தில் அதே மூவர்.
எழுபதிலும்.
தொண்ணூறிலும் அதே மூவர்,
வியர்த்த கையைத் துடைத்துக்கொள்ளக்கூட
ஒரு தரம் விடவில்லை.

விடியப்புறம் மூன்றரைக்குக் கண்டுபிடித்தேன்:
இருநூற்றுப் பதினோராம் வரியின் முன்னால் ஒரு சின்னக் குறி.
ஏதோ சோதனைக்காக
நானே உறங்கவைத்து, எழுப்ப மறந்த வரி.
கை விடுவதைப் பற்றிய வரி.
நான் செய்தது ஜெல் இல்லை. பூட்டு.

எதிர் அறை நௌஷாதா ஸஹருக்கு எழும்பியிருந்தாள்.
நேற்றைய கடற்பாசி இறுகவில்லையென்று
திரும்பவும் அடுப்பில் வைத்துக் காய்ச்சுகிறாள்.
"நாலாந்தரம். மானங்கெட்டது"
என்று சட்டியைத் திட்டிவிட்டு
தட்டில் ஊற்றி வெளிச்சுவரின் மேல் வைத்தாள்.
குளிர் பார்த்துக்கொண்டது.
கரண்டியால் தொட்டேன். முழுத்தட்டும் நடுங்கியது,
சிந்தவில்லை.

குறியை அழித்தேன். பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி.
எல்ல பக்கம் மரம் விழுந்து இரண்டு தரம் கரண்ட் போனது;
சேமித்த இடத்திலிருந்து, மறுபடி.

இப்போது 4117 சும்மா இருப்பதே இல்லை.
52ஐ விட்டு 2208ஐப் பிடிக்கிறது,
அதையும் விட்டுத் தனியே கொஞ்சம் அலைந்து
52இடமே வருகிறது, போகிறது.
எட்டாயிரம் பேரும் இப்படியே.
எவர் கையும் எவரிடமும் தங்கவில்லை.
மூலையிலிருந்து மூலைக்குப் போகும் பாதை மட்டும்
நேற்றிருந்தவர்களை விட்டு
இன்றிருப்பவர்கள் மேலேறி
அறாமல் போகிறது.

பக்கவாட்டில் தள்ளிப்பார்த்தேன். தாங்கியது.
இன்னும் தள்ளினேன். தாங்கியது.
எவ்வளவில் ஓடத் தொடங்கும் என்ற எண்
இன்னும் வரவில்லை.
வெளியே நாலு நாள் மழை.
ஹல்துமுல்லைக்கு மண்சரிவு எச்சரிக்கையாம்,
போனில் சிவப்பாக வந்து நிற்கிறது.

அதை அங்கே பார்த்துவிட்டுத் தம்பி எடுத்தான்.
லைன் அறுந்தது.
எடுத்தான். அறுந்தது.
நான் எடுக்க, அவனும் எடுக்க,
இரண்டு பக்கமும் பிஸி.
பிறகு
வேறெங்கோ ஒரு கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
அவன் குரல்:
"கேக்குதா?"