பிடித்தம் போக

காலி செய்து நாற்பத்தோரு நாள்.
சாவியைக் கொடுத்த அன்று அஞ்சலாட்சி அக்கா சொன்னது:
"அடுத்த ஆள் வரட்டும். அவங்க குடுக்கிறத
அப்படியே ஒனக்குத் தர்றேன்."

முப்பதாயிரம்.
ஆறு வருஷம் முன்னால் நான் கொடுத்த தாள்கள்
யாருடைய பிரசவத்துக்கோ
பின்கட்டுக் கூரைக்கோ போயிருக்கும்.
அட்வான்ஸை யாரும் பீரோவில் அப்படியே வைத்திருப்பதில்லை.
எனக்குத் தெரியாதா,
கூட்டுறவு வங்கியில் கவுண்ட்டரில் உட்கார்பவள்.
பின்னால் வருபவர் போடுவதை எடுத்துத்தான்
முன்னால் வந்தவருக்கு நாங்களும் கொடுக்கிறோம்.

போன வாரம் ஒரு சீட்டு நீட்டினார்,
மளிகை பில்லின் பின்பக்கம்.
வெள்ளையடிக்க ஆறாயிரம்.
ஆணி ஓட்டை பதினேழு, ஒன்றுக்கு ஐம்பது.
எண்ணியிருக்கிறார். ஆறு வருஷத்தில்
நான் எண்ணியதில்லை.
குழாய்த் திருகு இருநூற்றைம்பது.
கடைசி வரி: சுவர்க் கறை.
அதற்கு நேரே தொகை இல்லை,
ஒரு கேள்விக்குறி.

அந்தக் கறை நான் வைத்தது இல்லை அக்கா.
கெடிலம் வைத்தது.
போன கார்த்திகையில் ஒரு ராத்திரி
வாசலில் கிடந்த செருப்புகளையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்து
முழங்காலுக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில்
மட்டப்பலகை வைத்ததுபோல் ஒரு கோடு கிழித்து
மூன்றாம் நாள் போனது,
வாடகை தராமல்
அட்வான்ஸ் கேட்காமல்.

இதை நான் சொல்லவில்லை.
சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
"வீடு பாக்க யாராவது வந்தா என்னையும் கூப்பிடுங்க,
நான் பேசுறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.
அவனுக்கு சிப்காட்டில் ஷிப்ட். அவள் பெயர் செலின்.
சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.
இரண்டு பூச்சுக்கு அடியிலிருந்து
டீக்கறை போல ஏறி வந்துகொண்டிருந்தது கோடு.
நான் அதன்மேல் சாய்ந்து நின்றேன்.

போர் தண்ணி உப்பு கரிக்காது.
பத்து மணிக்கு மேல் தெருவில் சத்தம் இருக்காது.
சாயங்காலம் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று வரும்.
எல்லாம் உண்மை.
ஒரு புரோக்கர் இவ்வளவு உண்மை பேசமாட்டான்.

"ஃப்ரிட்ஜ எங்கக்கா வெச்சிருந்தீங்க?"

எதிர்மூலையில்.
அங்கேதான் அது மிதந்தது,
கதவு திறந்து
தக்காளிகளை ஒவ்வொன்றாகக்
கூடத்துக்கு அனுப்பிக்கொண்டு.

"அங்கதான்" என்றேன்.
கொஞ்சம் கழித்து,
"உயரமா ஒரு ஸ்டாண்டு போட்டு வையிங்க."
"எலியாக்கா?"
அஞ்சலாட்சி அக்கா ஜன்னல் கம்பியைப் பார்த்தார்.
"எலிதான்."
"எவ்ளோ உயரம் வேணும்?" அவன் கேட்டான்.
என் கை தானாகப் போய்த்
தொடையருகே நின்றது.
"அவ்ளோ பெரிய எலியா!"
சிரித்தான். செலின் சிரிக்கவில்லை.

நாற்பதாயிரம். இப்போதைய ரேட்டு.
அவன் எண்ணிக் கொடுத்த தாள்கள்
அக்காவின் உள்ளங்கையில் சூடேறும் முன்பே
எனக்குப் பிரிந்து வந்தன.
பிடித்தம் போக இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
சீட்டில் கேள்விக்குறியை அடித்திருந்தார்.
எண்ணிப் பார்த்தேன்:
இருபத்து மூன்று.

"நூறு கூட இருக்குக்கா."
"இருக்கட்டும்."
எதற்கு என்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

வாசலில் செலினிடம் நம்பர் வாங்கிக்கொண்டேன்.
ஆனி பிறந்து நாலு நாள்தான் ஆகிறது.
ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

செம்மண்டலம் பஸ்ஸில்
பின்சீட்டு அம்மாள் தோளைத் தொட்டாள்.
"முதுகெல்லாம் சுண்ணாம்பு. எங்கம்மா சாஞ்ச?"
கேட்டுக்கொண்டே தட்டினாள்.
இரண்டு தட்டு, மூன்று தட்டு.

"போவல" என்றாள்.
"ஈரமா இருக்கு."