நிலவறைச் சுடர்

கால்கரியில் குளிர் மைனஸ் முப்பத்துநான்கைத் தொட்டால்
என் கைப்பேசி ஓயாது.
உலை நின்றுவிட்டது, தின்யார், குழாய் உறைந்துவிடும், வா.
கராச்சியில் நான் படித்தது கப்பல் கணக்கு.
இங்கே பதினாறு வருடமாக
அடுத்தவர் வீட்டு நிலவறைகளில் மண்டியிடுகிறேன்.

அன்றைய கடைசி வீடு மாஹின் கோஷ்தாஸ்பியுடையது.
நகரப் பேருந்து ஓட்டுபவள்.
மேல்கோட்டைக் கழற்றாமல் டார்ச் பிடித்து நின்றாள்.
குனிந்தேன், சட்டை மேலேறிற்று,
வெளிச்சம் என் இடுப்பிலேயே நின்றுவிட்டது.
"கோஷ்தி" என்றாள்.
"குஸ்தி" என்றேன்.
பள்ளியில் இந்தப் பெயரைச் சொல்லித்தான்
மல்லுக்கு இழுப்பார்கள் பையன்கள்.
எழுபத்திரண்டு இழை, மூன்று சுற்று,
உச்சரிப்பில் மட்டும் ஒரு கடல் தூரம்.

என் குஜராத்தி அவள் காதில் ஏறாது, அவள் தாரி என் காதில்.
இரவல் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டோம்.
அவள் புத்தாண்டு மார்ச்சில், என்னுடையது ஆகஸ்டில்.
"பாரசீகத்தை விட்டு ஆயிரம் வருடம் ஆன உனக்குப் பெயர் பார்சி.
யஸ்த் நகரிலேயே பிறந்த என்னைக்
கப்ர் என்று காறித் துப்பினார்கள்."
சொல்லிவிட்டு டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தாள்.

வெப்பப் பெட்டியில் விரிசல்.
மூலையில் பைலட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது
நீலமாக, கடுகளவு,
இருபத்தேழு வருடம், யாரும் சந்தனக்கட்டை இடாமல்.
விட்டால் விஷவாயு. சட்டப்படி அணைத்தாக வேண்டும்.
பிறந்தநாள் மெழுகுவத்தியைக்கூட வாயால் ஊதாதவன் நான்.
கணக்குப் பார்த்தால்
இந்த ஊரில் என்னளவு தீ அணைத்தவன் எவனுமில்லை,
தீயணைப்புக்காரர்களைத் தவிர.

குமிழில் கை வைத்தேன். "பொறு" என்றாள்.
மேலே ஓடி, வெனிலா வாசனை மெழுகுவத்தி ஒன்றோடு வந்தாள்,
விலைச்சீட்டுகூடப் பிரிக்காதது.
நீளக் குச்சியில் சுடரை எடுத்து அதில் வைத்தாள்.
கோயில் தீ அல்ல இது, ஆல்பர்ட்டா எரிவாயு.
எந்தக் குருவும் ஒப்பமாட்டார். இருவருக்கும் தெரியும்.
கையால் மறைத்தபடி அவள் படியேறி முடிக்கும்வரை காத்திருந்து
குமிழைத் திருப்பினேன்.
ஒரு சத்தம்கூட இல்லை.

சமையலறையில், பாத்திரத் தொட்டிக்குள் வைத்திருந்தாள் அதை,
புகை அலாரத்துக்குப் பயந்து.
புது உலைக்கு விலை சொன்னேன். அதில் சுடர் கிடையாது,
ஒரு கம்பி சிவக்கும், அவ்வளவுதான்.
"ஊர்க்காரிக்குத் தள்ளுபடி உண்டா?"
எந்த ஊர் என்று கேட்க வாயெடுத்து,
ரசீதில்
பத்து சதவீதம் என்று எழுதினேன்.